நீ விட்டுப்போன காரின் ஹேண்ட் பிரேக்

ஹேண்ட் பிரேக்கின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றியதும் அடியில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. துருவேறியிருந்தது. மாரீஸ்வரியுடையதுதான். நான் அவளைக் கல்யாணம் செய்வதற்கு முன்னால், அவள் உன் பெண்டாட்டியாக உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த ஏதோ ஒரு நாளில் விழுந்திருக்க வேண்டும். அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செத்துப்போன நண்பன்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் வருகிறது.

போன வாரம் ஆனைக்குட்டம் அணைக்குப் போயிருந்தோம். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு நான் இறங்கினேன். அவள் உள்ளே இருந்தாள். வண்டி மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து, காலால் பிரேக்கை அமுக்குவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. திரும்பும் வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அவுக இருந்தப்ப ஒத்த இழுப்புல நிக்கும்."

குறையாகச் சொல்லவில்லை. நினைவு வந்தது, சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சாபீசில் நாம் ஒரே மிஷினில் நின்ற காலத்தில் நீ அடித்த பெருமை கொஞ்சமா? தீபாவளி சீசன் முடிந்து ஆர்டர் ஓய்ந்ததும் வீட்டு வாசலில் இந்தக் காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவாய். மறுநாள் வந்து, "நான் வச்ச பிரேக்கு மலையில விட்டாலும் நிக்கும்லே" என்பாய். நான் சிரித்துக்கொண்டே கேட்பேன். காரும் உனக்கு, நல்ல பெண்டாட்டியும் உனக்கு, சாமர்த்தியமும் உனக்கேவா என்று உள்ளுக்குள் புகையும். மஞ்சள் காமாலையில் நீ போன பிறகு உன் அம்மாவே வந்து, அவளைக் கட்டிக்கொள்வாயா என்று என்னைக் கேட்டார்கள். அவளும் ரொம்ப நாள் யோசித்துச் சம்மதித்தாள். உன் இடத்துக்கு வந்த பிறகும் அந்தப் புகைச்சல் அடங்கவில்லை.

பிரேக்கைச் சரிசெய்யத்தான் ஞாயிற்றுக்கிழமை அந்த உறையைக் கழற்றினேன். முன்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி முட்டு வைத்து, லீவருக்கு அடியிலிருந்த நட்டை இறுக்கினேன். போதும் என்று கைக்குப் பட்ட பிறகும் விடவில்லை. உன்னுடையதைவிட இறுக்கமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். லீவரை இறக்கிவிட்டு, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு சூலக்கரைப் பக்கம் கிளம்பினேன். வண்டி முக்கி முனகிப் போனது. பாதி வழியில் கருகல் நாற்றம், பின்சக்கரத்தில் புகை. ஓரங்கட்டினேன். லீவரை இறக்கியும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இறங்கிப் பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அவுகளும் மொதத் தடவ இப்படித்தான் கருக்குனாக. தாயில்பட்டி விலக்குல வண்டியப் போட்டுட்டு பஸ்சுல வந்தோம். ஒங்ககிட்ட சொல்லிறக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியமே வாங்குனாக."

ஏன் என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத்தான் கைவேல சுத்தமாம். அச்சாபீசு மிஷினு நீங்க தொட்டாத்தான் ஒழுங்கா ஓடுமாம். நீங்க சிரிச்சா அவுகளால தாங்க முடியாதாம்."

அப்படியே மைல் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நீ ஒரு நாளும் அதை என்னிடம் காட்டிக்கொள்ளவில்லையே. நானும் காட்டவில்லை என்பது வேறு.

சக்கரம் ஆறியதும் நட்டைத் தளர்த்தினேன். உன்மேல் இருந்த பொறாமை அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் என் எதிரில் அப்படி மனம்விட்டுச் சிரித்ததில்லை. அதுவும் உன்னால் வந்த சிரிப்பு. வீடு வரும்வரை உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். முதல் முறையாக, இன்னும் சொல் என்று நானே கேட்டேன். கேட்கக் கேட்க எரிந்தது. நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை.