அப்பாவிடம் நீ கேட்ட கேள்வி

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
20.6.2001

அன்பு மகன் அசோகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ, சௌம்யா, குட்டிப் பயல் மூன்று பேரும் அமெரிக்காவில் அந்த அலபாமாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே. போன ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. போனிலேயே கொட்டியிருப்பேன், ஆனால் நீ நடுவில் "அம்மா, ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டு விஷயம் ஒன்றும் பெரிதாக இல்லை. தொம்மலூரில் உன் தங்கை சுனிதாவின் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்களாம், அவள் பயந்துபோய்த் தினமும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஆபீஸிலேயே கிடக்கிறாள். இந்த நேரத்தில் உனக்கு இவ்வளவு பெரிய வேலை கிடைப்பதே அதிர்ஷ்டம் என்று அவள் சொல்கிறாள். எதிரி விடுகிற ஏவுகணையை நடுவானத்திலேயே இன்னொரு ஏவுகணை விட்டு அடிக்கிறதுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற வேலை என்று நீ சொன்னதும் எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ் மாமாவிடம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். அவர்தான் பேப்பரை எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். அமெரிக்கா வானத்தில் கேடயம் கட்டப்போகிறதாம், நம் சர்க்காரும் முந்திரிக்கொட்டை மாதிரி முதல் ஆளாக நல்லது என்று சொல்லிவிட்டதாம். "நமக்கும் பாதுகாப்புதானேக்கா, பெரிய ஆளோட கூட்டு வச்சிக்கிட்டா யார் நம்ம மேல கை வெப்பான்?" என்கிறார் மாமா.

நான் அவரிடம் கேட்டதையே உன்னிடமும் கேட்கிறேன். இரண்டு பேர் கையிலும் கத்தி இருக்கும்போது ஒருத்தன் மட்டும் கேடயமும் வாங்கிக்கொண்டால், அவனுக்குக் கத்தியை ஓங்கப் பயம் இருக்குமா? எதிரே நிற்கிறவன் சும்மா இருப்பானா, இன்னும் நாலு கத்தி வாங்க மாட்டானா? சைனாக்காரன் பத்து ஏவுகணை செய்தால் அதைப் பார்த்து நாம் ஐந்து செய்வோம், நம்மைப் பார்த்துப் பாகிஸ்தான்காரன் ஐந்து செய்வான். யாரையும் கொல்லாத வேலை, வெறும் பாதுகாப்புதான் என்கிறாய். அந்தக் கேடயத்துக்குக் கீழே ஆஸ்டின் டவுன் வருமா என்று உன் பெரிய ஆபீஸில் கேட்டுச் சொல். மூன்று வருஷத்துக்கு முன்னால் பொக்ரானில் நாம் அணுகுண்டு வெடித்தபோது இதே அமெரிக்கா நம்மை நம்பக் கூடாதவர்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தவில்லையா? அப்பாவின் தொழிற்சாலைக்கு அங்கிருந்து வர வேண்டிய சாமான் வராமல் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றது உனக்கு மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை. இப்போது அவர்கள் கேடயம் கட்டினால் மட்டும் நாம் கைதட்ட வேண்டுமாம்!

சரி, அது நாட்டு விஷயம், பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். என் கோபம் அதுவல்ல. வேலை உறுதியாவதற்கு முன்னால் அங்கே ஓர் ஆபீசர் வந்து சொந்தபந்தத்தை எல்லாம் விசாரிப்பார் என்று சொல்லி, அப்பாவிடம் கேட்டாயே ஒரு கேள்வி, அதுதான் என் கோபம். "எந்த செக்ஷன்ல இருந்தீங்கப்பா, என்ன செஞ்சீங்க, கொஞ்சம் விவரமா சொல்லுங்க" என்று எவ்வளவு சாதாரணமாகக் கேட்டாய்! அவரோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறேன், நான் கேட்டதில்லையடா. காலையில் தொழிற்சாலை பஸ் ஏறுவார், சாயங்காலம் இறங்குவார், ராணுவத்துக்கு ஏதோ செய்கிறார் என்பதோடு சரி. வருஷத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜைக்கு மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள், நீயும் வந்திருக்கிறாய். தார்ப்பாய் போட்டு மூடிய ஒன்றுக்குச் சாமந்தி மாலை போட்டுப் பூசணிக்காய் உடைப்பார்கள். இதுதான் இவர் நாட்டுக்காகச் செய்கிற சாமான் என்று நினைத்து நானும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அவர் ரிட்டயர் ஆனபிறகு அவரோடு வேலை பார்த்த கிருஷ்ணப்பா வீட்டுக்கு வந்தபோது சிரித்துச் சிரித்துச் சொன்னார், அது குடிதண்ணீர் மெஷினாம். நிஜமான இடத்துப் பக்கமே எங்களை விட்டதில்லையாம். இத்தனை வருஷமாகத் தண்ணீர் மெஷினைக் கும்பிட்டிருக்கிறேன்! அப்போதுகூட, அப்படியானால் நிஜமானது எது என்று நான் அப்பாவைக் கேட்கவில்லை. நீ போனில் கேட்கிறாய், அதுவும் எவனோ ஓர் ஆபீசருக்குச் சொல்வதற்காக.

நீ கேட்டதும் "ரேடியோ வேலைடா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார், அது உனக்குத் தெரியும். பிறகு நடந்தது தெரியாது. திங்கட்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றதற்குப் பழைய தொழிற்சாலைக்கு என்றார். வெளிநாட்டு ஆள் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால் வந்து சொல்வேன் என்று சேரும்போது எழுதிக் கொடுத்திருக்கிறாராம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவன் நம்ம புள்ளைங்க" என்றேன். "புள்ளைதான், பாஸ்போர்ட் அந்த ஊரு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அங்கே செக்யூரிட்டியில் இருந்த பெண் "பிடி சார், மகனல்வா, மனேகெ ஹோகி" என்றாளாம், மகன்தானே, விடுங்கள், வீட்டுக்குப் போங்கள் என்று. இவர் நகரவில்லை, உன் பெயரை அவள் எழுதிக்கொண்ட பிறகுதான் வந்தார். வந்தவர் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உன்னைப் பெற்ற மனுஷன் உன்மேல் புகார் கொடுத்துவிட்டு வந்து படுத்திருக்கிறார், கேட்கிறதா அசோகா? உங்கள் இரண்டு நாட்டுப் பாதுகாப்பும் கடைசியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டதே, இது என்ன நியாயம்?

அந்த ஆபீசர் வந்தால், அப்பா என்ன வேலை செய்தார் என்று எனக்குத் தெரியாது என்று சொல். அது உண்மைதானே. அதனால் வேலை போனால் போகட்டும், உனக்கு வேறு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், நான்தான் எடுப்பேன். இனிமேல் கேட்க மாட்டேன் என்று என்னிடம் சொன்னால்தான் அவரைக் கூப்பிடுவேன். அவரிடம் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, நடக்கப் போகிறீர்களா, இதையெல்லாம் கேள். பேரனைப் பேசச் சொல். குட்டிக்குச் சளி பிடித்தால் தலைக்கு ஊற்ற வேண்டாம் என்று சௌம்யாவிடம் சொல்.

மூன்று பேரும் நூறு வயசு நல்லபடியாக இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. என் கடிதத்தின் அடியில் அப்பாவும் ஆசீர்வாதம் என்று இரண்டு வரி எழுதுவார் அல்லவா, இதையும் முழுக்கப் படித்துக் காட்டிவிட்டுப் பேனாவை நீட்டினேன். ஒரு வார்த்தையைக்கூட அடிக்கச் சொல்லவில்லை. பேனாவை வாங்கி மூடியைப் போட்டு வைத்துவிட்டு, "வெளிநாட்டு ஆளுக்கு எழுதறதுன்னா தொழிற்சாலையில கேட்டுட்டுதான் எழுதணும் தனம்" என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா மட்டும்,
தனக்கோடி