உன் அப்பாவைப் பார்த்து உறுமும் ஜாங்கிரி

எம். புதுப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சொர்ணலட்சுமிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். புனேயில் நீயும் சளி காய்ச்சல் என்று படுக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும். போன் இருக்க அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அவரைப் பற்றிப் பேச வேண்டியதை அவரையே வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? இன்று சாத்தூரில் ஒரு கல்யாணம், போயிருக்கிறார். அவர் வருவதற்குள் மனசில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பொங்கலுக்கு வந்தவள், பஸ் ஸ்டாண்டில் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கிவந்து ஜாங்கிரி என்று பேரும் வைத்து என் தலையில் கட்டிவிட்டு ரயில் ஏறிவிட்டாய். தெருவில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னமும் கூச்சமாக இருக்கிறது. சித்திரையில் அது ஆட்டுக்குப் பின்னால் ஓடி, ஓடைப் பக்கம் யாரோ பட்டாசுக் கழிவைக் கொட்டிக் கொளுத்தியிருந்த இடத்தில் காலை வைத்ததும், முன்னங்காலும் ஒரு காதும் வெந்துபோனதும் உனக்குத் தெரியும். அப்பாதான் துண்டில் சுற்றி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்துக்கு ஒரு கூம்பு மாட்டச் சொன்னார் டாக்டர். அப்பா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் கழித்துப்போட்ட பெட்டி அட்டையில் நானே செய்து மாட்டினேன். ஒன்றரை மாதம் காலையும் மாலையும் களிம்பு போட்டேன். உனக்குக்கூட அம்புட்டுப் பார்த்ததில்லை. புண் ஆறிவிட்டது, ரோமம்கூட முளைக்கிறது. ஆனால் குணம்தான் மாறிவிட்டது. முன்பெல்லாம் சாயங்காலம் கம்பெனி வேன் வந்தால் உன் அப்பா மேல் தாவி ஏறும். புண் ஆறிய பிறகு அவர் இறங்கியதுமே கட்டிலுக்கு அடியில் போய் உறுமியது, பயத்தில் அங்கேயே ஒன்றுக்குப் போய்விட்டது. தினமும் கழுவியது யார், நான்தான். ஒரு நாள் அவர் குனிந்து, ஏலே ஜாங்கிரி, ஐயாவைத் தெரியலையாலே என்று கையை நீட்டினார், கடித்துவிட்டது. நாலு ஊசி போட்டுக்கொண்டு வந்தார். நீயோ போனில் பொறுமையா இரும்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

காக்கிச் சட்டைக்குப் பயமா, வேன் சத்தத்துக்குப் பயமா என்று நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இருந்தால் அவர் மடியிலேயே படுத்துக்கிடக்கும், திங்கள் சாயங்காலம் பழைய கதைதான். இது என்ன கிறுக்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் ஒரு நாள் அவர் கழற்றிப்போட்ட சட்டையைத் துவைக்க எடுத்துப் போனேன். என்னைப் பார்த்தே உறுமியது. சட்டையைக் கீழே போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தேன். வாலை ஆட்டியது. அப்போதுதான் விளங்கியது, அதற்குப் பயம் உன் அப்பா மேல் இல்லை, அவர் மேல் அடிக்கும் பட்டாசு மருந்து வாசனை மேல். சொன்னதும் மனுசன் கம்பெனியிலேயே இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தார், நகக்கண்ணில் இருந்த வெள்ளிப் பொடியைக் குச்சியால் சுரண்டினார். மருந்து கலக்கும் அறையில் பதினேழு வருசம் நின்ற உடம்பு, வாசனை போகுமா? நாய் கட்டிலுக்கடியிலேயே இருந்தது. அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம், ஆனைக்குட்டத்தில் எங்க அண்ணன் தோட்டத்துக்கு நாய் வேணுங்காக, குடுத்துரு என்றாள். எனக்கும் சரி என்றுதான் பட்டது, கயிறுகூடக் கட்டிவிட்டேன். உன் அப்பா வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

மறு வாரம் என்ன செய்தார் தெரியுமா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போர்மேன் அய்யாதுரையிடம் போய், மருந்து அறை வேண்டாம், காலிப் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். பொன்னுத்தங்கம் சொல்லித்தான் எனக்கே தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே போய்ச் சொல்ல? அந்த அறை வேண்டாம் என்று நான் எத்தனை வருசம் அழுதேன். நீ அஞ்சாம் வகுப்பில் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாயே, கேட்டாரா? கை பழகின வேலை, ஒண்ணும் ஆகாது என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனவர்தானே. பெண்டாட்டி பிள்ளை சொல்லிக் கேட்காதவருக்கு ஒரு நாய் உறுமினது பெரிதாகப் போயிற்றா என்று கேட்டேவிட்டேன். அதற்கு அவர், நீயும் புள்ளையும் எனக்காகப் பயந்தீக, அது என்னையப் பாத்துல்ல பயப்படுது என்றார். இப்போது பொம்பளைகளோடு உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறார், தெருவில் கேலி பேசுகிறார்கள், கேட்டுக்கொண்டு வருகிறார். கையில் மைதாப் பசை காய்ந்து கிடக்கிறது. முந்தாநாள் நாய் மெதுவாக வந்து அந்தக் கையை நக்கியது. முழுக்கப் பயம் தெளியவில்லை, எங்கேயாவது வெடி கேட்டால் இன்னும் நடுங்குகிறது.

இனி நான் எழுத வந்த விஷயம். உனக்குத்தான் கஷ்டம்மா, ஆவணியில் வந்து குட்டியைப் புனேக்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று போன வாரம் சொன்னாய். வேண்டாம் தாயே. தீபாவளி சீசன் வருகிறது, ஆள் பற்றவில்லை என்று அய்யாதுரை இரண்டு தடவை ஆள் விட்டுவிட்டார். நாய் இந்த வீட்டை விட்டுப் போன மறுநாளே உன் அப்பா மருந்து அறையில் போய் நிற்பார். நான் தடுத்தாலும் கேட்கமாட்டார், நீ தடுத்தாலும் கேட்கமாட்டார். அது என் செருப்பைக் கடிக்கட்டும், வீடெல்லாம் நாறடிக்கட்டும், நான் கழுவிக்கொள்கிறேன். அது இங்கேயே இருக்கட்டும்.

நீ நல்ல பேரோடும் நல்ல உடம்போடும் நூறு வருசம் இருக்க வேண்டும். நான் எழுதியதைப் பற்றி அப்பாவிடம் மூச்சுவிடாதே. வரும்போது கையை வீசிக்கொண்டு வா, நாயைத் தூக்கிப்போகக் கூடை கீடை ஒன்றும் கொண்டுவராதே.

இப்படிக்கு,
உன் அம்மா
அய்யம்மாள்