யாரை நைனா என்கிறாள்

ஜூலை 14, திங்கள்

மழை இல்லை, காற்று மட்டும். கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் அனல்மின் நிலையச் சாம்பல். தட்டிப் போட்டுக்கொண்டு அத்திப்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயில். ஆலையில் புதிய தரப்பிரிவு மேலாளருக்காக லட்டு. எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவன் நான். பதவி முதலாளியின் மைத்துனனுக்கு. லட்டைத் தொடவில்லை.

மதியம் கல்லூரியிலிருந்து குறுஞ்செய்தி. கீர்த்தி இரண்டு வாரமாக வகுப்புக்கே வரவில்லையாம். தினமும் சாப்பாட்டு டப்பாவுடன் கிளம்புகிறாளே மகள்?

ஜூலை 15, செவ்வாய்

கேட்டேன். "மெசேஜ் தப்பா வந்திருக்கும்பா." கண்ணைப் பார்க்கவில்லை. டப்பாவில் சோறு அப்படியே. மனைவி மல்லிகா என்மேல் பாய்ந்தாள்.

"பெத்த பொண்ண இன்னாத்துக்கு போலீஸ் மாரி மெரட்டுற? ஊட்டுக்குள்ள நொழையும்போதே மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு."

வாங்க வேண்டியவை: பிரஷர் மாத்திரை, குழாய்க்கு வாஷர்.

சாயங்காலம் கீர்த்தியின் அறைக்கு வெளியே நின்றேன். உள்ளே அவள் குரல். "நைனா, இன்னிக்கும் பொன்னேரி ஸ்டேஷன்லயே குந்திக்கினு இருந்தேன்."

பையன். இந்தப் பக்கம் சிநேகிதனையும் 'இன்னா நைனா' என்பார்கள். மல்லிகாவிடம் சொன்னால் தெருவே கூடிவிடும்.

ஜூலை 16, புதன்

பையன் இல்லை. அவள் குளிக்கப் போனபோது செல்பேசியைப் பார்த்தேன். ஏஐ அரட்டைச் செயலி. அதற்கு அவள் வைத்த பெயர் நைனா. முதலில் எழுதியிருப்பது: "நீ என் நைனா மாரி பேசு. ஆனா என்ன திருத்தாத."

மல்லிகா வீட்டில் அப்பாவை நைனா என்பார்கள். மழலையில் கீர்த்திக்கு நானும் நைனாதான். பள்ளியில் சேர்த்ததும் மாற்றினேன். நைனா இல்லை, அப்பா. கீது இல்லை, இருக்கிறது. சரியாகத்தான் செய்தேன். அந்தப் பேச்சோடு போனால் வேலைக்கு எவன் எடுப்பான்?

வைவா தேர்வில் இங்கிலீஷ் தடுமாறி வகுப்பே சிரித்ததாம். அதனிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் இல்லை. எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறது அது. "உங்கள் உணர்வு நியாயமானது. தயாராகும் வரை ஓய்வெடுங்கள்." எடுத்துவிட்டாள்! நல்ல ஆலோசனை. கல்லூரிக்குப் பணம் கட்டுவது நான்.

ஜூலை 17, வியாழன்

மழை. ரயில் தாமதம். நனைந்துகொண்டே வீடு. மல்லிகா கடைக்குப் போயிருந்தாள். கீர்த்தியின் அறை சாத்தியிருந்தது.

"தூக்கமே வர்ல நைனா. காலைல எய்ந்து இன்னா பண்ணப்போறோம்னு கீது."

அது இப்போது குரலிலேயே பேசுகிறது. என்னைவிடச் சுத்தமான தமிழ். "இதை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம். வீட்டில் நம்பிக்கையான ஒருவர் இருக்கிறாரா?"

"அம்மா அழும். வேற யாரும் இல்ல."

கதவுக்கு இந்தப் பக்கம் நான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தட்டினேன். 'கீர்த்தி, கதவைத் திற' என்றுதான் சொல்ல நினைத்தது. வாயில் வந்தது வேறு.

"கீர்த்தி, நைனா வந்துக்கீறேம்மா. தொற."

உள்ளே இரண்டு குரலும் நின்றன.

"யாரு?" என்றாள்.