கூரையில் இரண்டு பேர்

சூசா,
2 மார்ச்

அன்புள்ள ரிஹாப் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் மேலாளர் கஸ்ஸானிடம் என் விசாவைப் பற்றிப் பேசிவிட்டாய் என்று தெரிந்ததும் அம்மா தெரு முழுக்க மக்ரூத் இனிப்பு செய்து கொடுத்துவிட்டாள். கல்யாண மண்டபங்களில் விளக்குக் கம்பம் ஏறி ஏறி அலுத்துவிட்டது. தோஹாவின் பெரிய மேடைகளில் விளக்கு கட்டப்போகிறேன் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

ஒரே பயம் நீதான். கோபித்துக்கொள்ளாதே. "உங்கக்கா வாய் சும்மா இருக்காதுடா, அந்தாளோட எதையாவது இழுத்து வெச்சிடப் போறா" என்று அம்மா தினமும் புலம்புகிறாள். நான் வந்து சேரும்வரை பொறுத்துக்கொள், அக்கா.

உன் தம்பி,
வஜ்தி

தோஹா,
11 மார்ச்

அன்புத் தம்பி வஜ்திக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்கு வேலை போய்விட்டது.

கடற்கரைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. மேடையை நடத்துவது என் பொறுப்பு. விளக்குகளைத் திருப்ப மேடைக்கூரையில் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள். திடீரென்று காற்று. காற்றுமானியில் வேகம் எங்கள் பாதுகாப்பு வரம்பைத் தாண்டியது. ஹெட்செட்டில் கஸ்ஸானிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டே பாட்டு. வாய மூடிக்கிட்டு நடத்தும்மா" என்றார்.

நான் பாட்டை நிறுத்தினேன். மேலிருந்தவர்களை இறக்கினேன். கூட்டத்தை வெளியே அனுப்பச் சொன்னேன். ஒரே கூச்சல், தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன.

கொஞ்ச நேரத்தில் காற்று அடங்கிவிட்டது. ஒன்றும் விழவில்லை, தம்பி. ஒரு திரைகூடக் கிழியவில்லை. கஸ்ஸான் என்னை மேடைக்கு முன்னால் நிறுத்தி, "எங்கம்மா விழுந்துச்சு? காட்டு பாப்போம்" என்றார். அங்கேயே என்னை வேலையிலிருந்து நீக்கினார்.

உன் விசாவும் இத்தோடு போயிருக்கும். செய்தது சரிதானா? கண்ணை மூடினால் அந்தக் கூரை விழுகிறது, திறந்தால் விழவில்லை. என்னைத் திட்டியாவது எழுது.

அக்கா,
ரிஹாப்

சூசா,
29 மார்ச்

அக்காவுக்கு,

கோபத்தில்தான் எழுதாமல் இருந்தேன். அதற்குள் கஸ்ஸானே போன் செய்தார். "உங்கக்கா பயந்தாங்கொள்ளி. நீ எப்படிடா?" என்று கேட்டார். "நான் அவள மாதிரி இல்ல சார்" என்று சொல்லிவிட்டேன். அப்படித்தான் வாயில் வந்தது.

விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வருகிறேன். தங்க இடம் அவர்களே தருகிறார்கள். நீ விமான நிலையத்துக்கு வரவேண்டாம். நம்மைச் சேர்த்துப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. அம்மாவிடம் நீ விடுப்பில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை, அக்கா.

வஜ்தி

தோஹா,
6 ஏப்ரல்

வஜ்தி,

வரமாட்டேன், கவலைப்படாதே. அம்மாவிடம் உண்மையை நானே சொல்லிக்கொள்கிறேன். வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம், "காத்துக்குப் பயந்த பொண்ணு நீதானா?" என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

நீ அவரிடம் சொன்னது வலித்தது. அதை இன்னொரு நாள் பேசுவோம், பேசினால்.

இங்கே ஏப்ரல் காற்று சொல்லிக்கொண்டு வராது. ஏறுவதற்கு முன் இடுப்புப் பட்டையின் கொக்கியை நீயே இழுத்துப் பார். வேறொருவன் பார்த்துவிட்டேன் என்றால் நம்பாதே. வெயிலில் ஏறுவதானால் வயிறு முட்டச் சாப்பிடாதே. காற்று எழுந்தால் உத்தரவுக்குக் காத்திருக்காமல் இறங்கிவிடு. உன்னை யாராவது இறக்குவார்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே நிற்காதே.

இப்போது கீழே நான் இல்லை.

உன் அக்கா,
ரிஹாப்