பேசாமல் முடிந்த பேரம்

அன்புள்ளவளே,

மிலானோ இயந்திரக் கம்பெனியின் மொழிபெயர்ப்பு வேலை இன்று நமக்குக் கிடைத்துவிட்டது. நான் வாயே திறக்காமல் கிடைத்தது.

இது கிடைக்காவிட்டால் தாம்பெரே அலுவலகத்தை மூடியிருப்பேன். உனக்கு அதைச் சொல்லவில்லை.

தொலைபேசியில் அந்தக் கம்பெனி அம்மாள், "ஃபின்னிஷ் சொல்லை எண்ணித்தான் கூலி" என்றாள். அவர்கள் ஐந்து சொல்லில் எழுதுவதை நம் ஃபின்னிஷ் மூன்றில் முடித்துவிடும். கையில் என்ன மிஞ்சும்? வேறு வழியில்லை, ஒத்துக்கொள்வோமா என்று யோசித்தேன். நம் தாம்பெரேக்காரர் வழக்கப்படி, யோசித்து முடிக்கும்வரை பேசாமல்.

"கோவமா சார்? சரி, எங்க இத்தாலியச் சொல்லையே எண்ணிக்குங்க!"

திகைத்துப்போய் இன்னும் பேசாமலிருந்தேன்.

"ஐயோ, பாதி முன்பணமும் தர்றேன்!"

பக்கத்து மேசையில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த இர்மெலி விழுந்து விழுந்து சிரித்தாள். "முதலாளி, இந்த ஊமை வித்தைய எங்க கத்துக்கிட்டீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று நீ உன் அக்கா வீட்டிலிருந்து கூப்பிட்டு, "நான் திரும்பி வரட்டுமா?" என்று கேட்டாய். மூடப்போகும் கடைக்கு உன்னை எப்படி அழைப்பது என்று யோசித்தேன். அதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். கரேலியக்காரி நீ, உங்கள் வீட்டில் பேசாமலிருந்தால் சண்டை என்று அர்த்தம். உன் காதில் என்ன விழுந்தது என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது.

மறுபடி ஊமையாகிவிடுவேன் என்று பயந்துதான் எழுதுகிறேன். மிலானோவோடு முடிவானது: அவர்கள் சொல்லுக்குப் பதினாறு சென்ட், பாதி முன்பணம். உன்னோடு: நிபந்தனை எதுவும் இல்லை, வா.

உன்
வாய் திறக்காதவன்