நான் ரயிலுக்கு ஓடவில்லை

இரும்புலியூர், 7.7.2008

அன்புள்ள அப்பாவுக்கு ஜெனி எழுதுவது. கர்த்தர் கிருபையில் சுகம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? எனக்கும் இப்போது அதேதான்.

ஆபீசில் மாரத்தானுக்குப் பேர் கொடுத்துத் தொலைத்தேன். காலையில் ரோட்டில் ஓடிப் பழகினால், ரயிலுக்குத்தான் ஓடுகிறேன் என்று முடிவே கட்டிவிடுகிறார்கள்! ஆட்டோக்காரர் லோகு அண்ணன் தினமும் கூடவே உருட்டிக்கொண்டு வந்து, "ட்ரெய்னாமா? குந்து, வுட்டுர்றேன்" என்று உயிரை வாங்குகிறார்.

இன்று கணுக்கால் லேசாகப் பிசகியது, பயப்படாதீர்கள். வேறு வழியில்லாமல் ஏறினேன். ஹாஸ்டல் என்று கத்தியும் மனுஷன் தாம்பரம் ஸ்டேஷனில்தான் இறக்கினார். மைக்கில் நம்ம ஊர் நாகர்கோவில் வண்டி என்றார்கள். அது கிளம்பும்வரை நொண்டிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அம்மாவின் தைலம் ஒரு பாட்டில் வேண்டும். தபாலில் உடைந்துவிடும், நீங்களே கொண்டுவாருங்கள்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.
ஜெனி