போடிக் கடைக்கு ஒரு டிரங்க் கால்

மெட்ராஸ்,
20.5.1983

அன்புள்ள பொன்னுமணிக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகந்தானே? ஆத்தாவுக்கு இருமல் தேவலையா?

ஒரு விஷயம், பதறாதே. எங்கள் ஜவுளிக் கம்பெனி போடிக் கடையை மூடப்போகிறது. மழை தொடங்கினால் மலையேறும் எஸ்டேட் ஆட்கள் கம்பளி வாங்குவார்கள், அதுவரையாவது பொறுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க ஊர்தானே, நீங்களே போன்ல சொல்லிடுங்க" என்றார்.

கடையில் போனை எடுத்தது உன் அண்ணன்தான்.

"மாப்ளே, நீயா? சத்தமாப் பேசு, கடையாளுக எல்லாரும் கேக்கட்டும்!" என்றார் பெருமையாக.

சொன்னேன். "உன் சோலிக்கு ஒண்ணும் வராதுல்ல மாப்ளே?" என்று கேட்டார். மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

நீ ஒரு எட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்வா. என்மேல் கோபமா என்று மட்டும் எழுது. உன் பழைய சேலை ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்பு. இங்கே கொசு அதிகம், போர்த்திக்கொள்வேன்.

மேனேஜர் கூப்பிடுகிறார். அடுத்து கம்பம் கடையாம். அதையும் நானே சொல்ல வேண்டுமாம்.

திருப்பதி